குடியிருப்போர் நலச்சங்கம்: தெருச் செய்தியிலிருந்து பொதுக்குழு, பொங்கல் விழா வரை

பொதுக்குழுவுக்கு ஆள் வரவில்லை என்ற புலம்பல் இல்லாத நகர் நலச்சங்கமே கிடையாது. 150 வீடு உள்ள நகரில் நாற்காலி நூறு போட்டு, வந்தவர்கள் இருபத்திரண்டு பேர், அதில் ஒன்பது பேர் நிர்வாகிகள். மக்களுக்கு அக்கறை இல்லை என்று சொல்லிவிடுவது சுலபம். உண்மையில் அந்த வருகைக் கணக்கு கூட்டத்துக்கு முந்தைய பதினோரு மாதத்தில் முடிவாகிவிடுகிறது. தண்ணீர் வராத நாளில் சங்கத்திலிருந்து சரியான செய்தி வந்ததா, கொடுத்த சந்தாவுக்கு ரசீது வந்ததா, போன கூட்டத்தில் பேசியது என்ன ஆயிற்று என்று யாராவது சொன்னார்களா? இந்த மூன்றும் நடந்திருந்தால் ஆள் வருவார்கள். செய்தி, கூட்டம், விழா என்று மூன்று தனி வேலைகள் இல்லை. ஒன்றே மூன்று வேஷத்தில் வருகிறது. அதனால் செய்தியிலிருந்தே தொடங்குவோம்.

இங்கே சொல்வது தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன் கீழ் பதிவான தனி வீடுகள் கொண்ட நகர் சங்கங்களுக்கு. அடுக்குமாடிச் சங்கங்களுக்குச் சட்டம் வேறு. செய்தியும் விழாவும் மட்டும் அப்படியே பொருந்தும்.

வீட்டுப் பட்டியல்

ஒரு நோட்டில் அல்லது எக்செல் தாளில் கதவு எண், மாடி, இருப்பவர் பெயர், சொந்த வீடா வாடகையா, ஒரு கைப்பேசி எண், தனியாக இருக்கும் முதியவர் உண்டா, சந்தா எந்த மாதம் வரை என்று ஏழு கட்டங்கள் போதும். ஆதார் எண், சம்பளம், சாதி எதுவும் சங்கத்துக்குத் தேவையில்லை. கேட்டால் தகவலே தராமல் போவார்கள், அதுவும் நியாயம்தான்.

பெரும்பாலான பட்டியல்கள் வாடகைக்காரர்களால்தான் பழசாகின்றன. வருடத்துக்கு இரண்டு முறை, ஜூன் நடுவிலும் ஜனவரி தொடக்கத்திலும், தெருப் பிரதிநிதி வீடு வீடாகப் போய்ச் சரிபார்க்க வேண்டும். பள்ளி திறந்த கையோடு வீடு மாறியவர்கள் ஜூனில் சிக்குவார்கள். 25 முதல் 30 வீட்டுக்கு ஒரு பிரதிநிதி என்பது தாங்கும் அளவு. ஐம்பது வீட்டை ஒருவர் தலையில் கட்டினால் மூன்றாம் மாதம் அவர் போனை எடுக்க மாட்டார்.

வாடகைக்கு இருப்பவர்களுக்கு ஓட்டு உண்டா இல்லையா என்பதை உங்கள் சங்க விதி சொல்லும். ஓட்டு இல்லாவிட்டாலும் செய்தி அவர்களுக்கும் போக வேண்டும். குப்பையைத் தரம் பிரிப்பதும் மோட்டார் போடுவதும் வண்டி நிறுத்துவதும் அவர்கள்தான். வீட்டுக்காரர் அமெரிக்காவில் இருப்பார்.

செய்தி எழுதும் முறை

வாட்சப்பில் இரண்டு குழு வையுங்கள். ஒன்று அறிவிப்புக் குழு, அதில் அட்மின் மட்டுமே எழுத முடியும்படி அமைப்பை மாற்றிவிடுங்கள். இன்னொன்று அரட்டைக் குழு. ஒரே குழுவாக இருந்தால் காலை வணக்கம் ரோஜாப் பூக்களுக்கும் மருத்துவக் குறிப்புகளுக்கும் நடுவே “நாளை மின்தடை” என்ற வரி புதைந்துபோகும். அப்புறம் “சொல்லவே இல்லையே” என்று சண்டை.

வாட்சப் இல்லாத வீடும் இருக்கிறது, வைத்திருந்தும் பார்க்காத பெரியவர்களும் இருக்கிறார்கள். தெருமுனையில் கண்ணாடிக் கதவு போட்ட ஓர் அறிவிப்புப் பலகை, மாதம் ஒரு ஏ4 தாள் இருபக்கச் செய்திமடல், இவை இரண்டும் இன்னும் தேவை. தாளை மாதத்தின் முதல் ஞாயிறு காலை, பால், பேப்பர் வந்த பிறகு போடுங்கள். முன்கூட்டி வாசலில் போட்டால் கோலம் போடத் தெளிக்கும் தண்ணீரில் நனைந்து கிடக்கும்.

நாம் வழக்கமாக எழுதும் அறிவிப்பு இப்படி இருக்கும்:

“அன்பார்ந்த குடியிருப்போர்களே, தவிர்க்க முடியாத காரணங்களால் குடிநீர் விநியோகத்தில் சில நாட்களுக்குச் சிரமம் ஏற்படலாம். அனைவரும் ஒத்துழைக்க வேண்டுகிறோம்.”

இதைப் படித்தவருக்கு ஒன்றும் தெரியாது. பத்து நிமிடத்தில் செயலாளருக்கு நாற்பது அழைப்பு வரும். அதையே இப்படி எழுதலாம்:

“குடிநீர் – 2, 3, 4-ஆம் தெருக்கள் மட்டும். பெரிய குழாய் பழுது. செவ்வாய் காலை 6 மணி முதல் புதன் மாலை 6 வரை குழாயில் தண்ணீர் வராது. திங்கள் இரவே தொட்டியை நிரப்பிக்கொள்ளுங்கள். லாரிக்குச் சொல்லியிருக்கிறோம், வரும் நேரம் செவ்வாய் காலை 8 மணிக்கு இங்கேயே தெரிவிப்போம். கேள்விக்கு: உங்கள் தெருப் பிரதிநிதி.”

எங்கே, என்ன, எப்போதிலிருந்து எப்போது வரை, நீங்கள் செய்ய வேண்டியது, அடுத்த செய்தி எப்போது. இந்தக் கடைசி வரியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அழைப்புகளைக் குறைப்பது அதுதான். சொன்னபடி செவ்வாய் 8 மணிக்குச் செய்தி போட்டே ஆக வேண்டும். லாரி நேரம் தெரியாவிட்டால் “இன்னும் தெரியவில்லை, 11 மணிக்கு மறுபடி” என்றாவது எழுதுங்கள்.

புகார்களுக்கும் இதே ஒழுங்குதான். சென்னை மாநகராட்சிக்கு 1913, மின்சாரத்துக்கு மின்னகம் 94987 94987. புகார் எண்ணை வாங்கி நோட்டில் தேதியோடு எழுதுங்கள். செய்திமடலின் பின்பக்கத்தில் புகார், தேதி, புகார் எண், இன்றைய நிலை என்று நான்கு கட்டம் போட்டு மாதாமாதம் வெளியிடுங்கள். ஐந்து மாதமாக “நிலுவை” என்று நிற்கும் தெருவிளக்கு கவுன்சிலரை வெட்கப்பட வைக்கும். சங்கம் சும்மா இல்லை என்பதும் மக்களுக்குப் புரியும். பொறியாளரைத் திட்டி ஒரு வரிகூட எழுத வேண்டாம். தேதிகள் போதும், அவை நன்றாகவே பேசும்.

இரண்டு எச்சரிக்கை. சந்தா பாக்கிக்காரர் பெயரைப் பலகையில் ஒட்டாதீர்கள். பணம் வராது, பகை வரும். அடுத்தது வதந்தி. பிள்ளை பிடிப்பவர்கள் சுற்றுகிறார்கள் என்ற வாட்சப் செய்தியை நம்பி 2018-ல் தமிழ்நாட்டில் அப்பாவிகள் அடித்தே கொல்லப்பட்டார்கள். “சந்தேகத்துக்குரிய நபர்” என்று யாரோ அனுப்பும் படத்தை அறிவிப்புக் குழுவில் போடக் கூடாது. நேரே காவல் நிலையத்துக்குச் சொல்லிவிட்டு, அவர்கள் சொல்வதை மட்டும் போடுங்கள்.

பொதுக்குழு

நிதியாண்டு மார்ச் 31-ல் முடிகிறது. ஆறு மாதத்துக்குள், அதாவது செப்டம்பர் 30-க்குள், ஆண்டுப் பொதுக்குழுவைக் கூட்டித் தணிக்கையான கணக்கை வைத்துவிட வேண்டும் என்று திட்டமிடுங்கள். ஆகஸ்ட் முதல் அல்லது இரண்டாம் ஞாயிறு நல்ல தேதி. முகூர்த்த நாளா என்று காலண்டரைப் பார்த்துவிடுங்கள். ஆவணி பிறந்துவிட்டால் பாதி ஊர் கல்யாண மண்டபத்தில் இருக்கும். நேரம் காலை 10 மணி என்றால் சமையல் கெடும், மாலை 6 என்றால் டிவி, டியூஷன். மாலை 4.30-க்குத் தொடங்கி 6.15-க்கு முடிப்பதுதான் ஓரளவு எல்லோருக்கும் ஒத்துவருகிறது.

மே மாதமே கணக்குப் புத்தகம், வங்கி அறிக்கை, வவுச்சர் கோப்பு மூன்றையும் ஆடிட்டரிடம் கொடுத்துவிடுங்கள். ஜூலையில் கொடுத்தால் அவர் வருமான வரித் தாக்கல் கூட்டத்தில் இருப்பார், உங்கள் கோப்பு அடியில் போகும். ஜூலை முதல் வாரம் செயற்குழு கூடி நிகழ்ச்சி நிரலை முடிவு செய்யட்டும். கூட்டத்துக்கு 21 நாள் முன்பு எழுத்து மூலம் அறிவிப்பு எல்லா உறுப்பினருக்கும் போக வேண்டும், வாங்கியதற்குக் கையெழுத்தும் வேண்டும். வாட்சப் நீலக்குறி கையெழுத்து ஆகாது. பின்னால் யாராவது தேர்தல் செல்லாது என்று பதிவாளரிடம் போனால் அந்தக் கையெழுத்துத் தாள்தான் காப்பாற்றும். சங்க விதியைத் திருத்துவதாக இருந்தால் சிறப்புத் தீர்மானம் வேண்டும். வந்து ஓட்டுப் போடுபவர்களில் நான்கில் மூன்று பங்கு ஆதரவு தேவை. திருத்தத்தின் முழு வாசகமும் அறிவிப்பிலேயே இருக்க வேண்டும்.

ஏழு நாள் முன்பு நினைவூட்டல், முந்தைய நாள் மாலை ஒன்று, அன்று மதியம் 3 மணிக்குத் தெருப் பிரதிநிதி வாசல் வாசலாக ஒரு குரல்: “சார், நாலரைக்கு மீட்டிங், வந்துருங்க.” மேலே சொன்ன எல்லாவற்றையும் விட ஆளைக் கொண்டுவருவது இந்தக் குரல்தான்.

நிரலில் ஆறு பொருளுக்கு மேல் வேண்டாம். முந்தைய நடவடிக்கைக் குறிப்பு, ஆண்டறிக்கை, கணக்கு, வரும் ஆண்டுச் சந்தா, ஒரு பெரிய விஷயம், தேர்தல் இருந்தால் தேர்தல். பெரிய விஷயம் ஒன்றுதான். பார்க்கிங்கும் தெருநாயும் ஒரே கூட்டத்தில் வந்தால் இரண்டும் முடியாது. “தலைவர் அனுமதியுடன் இதர” என்ற வரியை நாம் எல்லோரும் பழக்கதோஷத்தில் கடைசியில் போடுகிறோம். எல்லாச் சண்டையும் அந்த வாசல் வழியாகத்தான் வருகிறது. அதற்குப் பதில், இதரக் கேள்விகளை மூன்று நாள் முன்பே எழுதித் தரச் சொல்லுங்கள். பதிலோடு கூட்டத்தில் வாசிக்கலாம்.

வரும்போதே கையெழுத்துப் பதிவேடு. குறைவெண் (கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது இத்தனை பேர் வேண்டும் என்ற கணக்கு) எத்தனை என்பது உங்கள் விதியில் இருக்கும். அது சேராவிட்டால் அரைமணி காத்திருந்து ஒத்திவைப்பதா, அதே நாள் மறுகூட்டம் கூட்டலாமா என்பதையும் முன்கூட்டியே புரட்டிப் பாருங்கள். மேடையில் நின்றுகொண்டு விதிப் புத்தகத்தைத் தேடும் செயலாளரை யாரும் மதிப்பதில்லை.

ஒருவருக்கு மூன்று நிமிடம். மணி அடிப்பவர் செயற்குழுவில் இல்லாதவராக இருக்கட்டும். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் இருந்தால் அதிர்ஷ்டம்.

நடவடிக்கைக் குறிப்பு எழுதுவதில் பெரும்பாலும் சறுக்கல் வருகிறது. “பார்க்கிங் குறித்து விவாதிக்கப்பட்டது, விரைவில் நடவடிக்கை எடுக்க முடிவு செய்யப்பட்டது” என்று எழுதினால் அடுத்த ஆண்டும் அதையே எழுத வேண்டியிருக்கும். இப்படி எழுதுங்கள்: “தீர்மானம் 5: 3-ஆம் தெருவில் கிழக்குப் பக்கம் மட்டும் வண்டி நிறுத்துவது. முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் பெயர். ஆதரவு 41, எதிர்ப்பு 6. கோடு போடும் பொறுப்பு இணைச் செயலாளர், செப்டம்பர் 15-க்குள். செலவு பொது நிதியிலிருந்து.” எதிர்ப்பு 6 என்று பதிவாவது முக்கியம். தோற்றவர்கள் அதைத்தான் தேடிப் பார்ப்பார்கள். தங்கள் குரல் எழுத்தில் இருந்தால் பாதிக் கோபம் அடங்கும். 48 மணி நேரத்துக்குள் தீர்மானங்களை மட்டும் குழுவில் போடுங்கள். ஒரு வாரம் கழித்துப் போட்டால் அதற்குள் ஆளுக்கொரு பதிப்பு தெருவில் ஓடிக்கொண்டிருக்கும்.

செயற்குழுவின் பதவிக்காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக் கூடாது, குழுவில் குறைந்தது மூன்று பேர் வேண்டும். நிர்வாகிகள் மாறினால் படிவம் 7 மாவட்டப் பதிவாளருக்குப் போக வேண்டும். ஆண்டுக் கணக்கும் உறுப்பினர் பட்டியலும் தாக்கல் செய்யாமல் நாலைந்து வருடம் விட்டுவிட்ட சங்கங்கள், வங்கியில் கையெழுத்து மாற்றப் போகும்போதுதான் முழிக்கின்றன.

பொங்கல் விழா

பொங்கலன்றே வைக்காதீர்கள். பாதிப் பேர் ஊருக்குப் போயிருப்பார்கள். பொங்கலுக்கு முந்தைய ஞாயிறுதான் சரி; ஊருக்குக் கிளம்பும் முன் எல்லோரும் இருப்பார்கள்.

சாலையை அடைப்பதற்கும் ஒலிபெருக்கிக்கும் காவல் நிலையத்தில் பத்து நாள் முன்பே சங்கத் தலைப்புத் தாளில் கடிதம் கொடுத்து எழுத்து மூலம் அனுமதி வாங்குங்கள். இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல் வரம்பு. மைக் செட்காரரிடம் இரண்டு பாக்ஸ் போதும் என்று சொல்லுங்கள், கூம்பு வேண்டாம். ஆம்புலன்ஸ் புகும் அளவுக்குப் பத்தடி அகலம் எப்போதும் விட வேண்டும். பேனர் கட்டும் ஆசை வரும், விட்டுவிடுங்கள். 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் சாலை நடுவே வைத்த பேனர் விழுந்து ஓர் இளம்பெண் இறந்தது யாருக்கும் மறக்கவில்லை. வாசலில் கட்டிய தோரணமும் கோலமும் போதும்.

மின்சாரத்துக்குக் கம்பத்தில் கொக்கி போடுவது திருட்டு, உயிருக்கும் ஆபத்து. ஒரு வீட்டின் 15 ஆம்ப் பிளக் கிட்டத்தட்ட 3,400 வாட் தாங்கும். மைக் செட், நான்கு எல்இடி விளக்கு, இரண்டு ஃபேன் எல்லாம் 2,000-க்குள் அடங்கிவிடும். வயர் 2.5 சதுர மில்லிமீட்டர், இணைப்பு தரையில் கிடக்காமல் ஸ்டூல் மேல். பொங்கல் பானை பொங்கி வழியும் இடத்துக்கும் வயருக்கும் பதினைந்தடி தூரமாவது இருக்கட்டும். வீட்டுக்காரருக்கு மின்கட்டணப் பங்கை அன்றே கொடுத்துவிடுங்கள்.

அடுப்பு விஷயத்தில் கவனம். தார்ச் சாலையில் நேரடியாக மூட்டினால் தார் இளகிப் பள்ளமாகும். கான்கிரீட் சூட்டில் வெடித்துச் சில்லு தெறிக்கும், பக்கத்தில் குழந்தைகள் நிற்பார்கள். மூன்று அங்குலம் மணல் பரப்பி அதன்மேல் செங்கல் அடுக்குங்கள். புது மண்பானையை முதல் நாள் காலையிலிருந்தே தண்ணீரில் ஊறவைக்க வேண்டும், இல்லாவிட்டால் குலவை போடும் நேரத்தில் கீறல் விடும். மண்பானையில் பொங்குவது சடங்குக்கு. ஒரு கிலோ அரிசிக்கு மேல் அதில் போட வேண்டாம். ஊருக்கான பொங்கல் பின்னால் அண்டாவில் வேகட்டும், 19 கிலோ வணிக சிலிண்டரில்.

200 பேருக்கு, ஆளுக்கு 150 கிராம் தொன்னை என்று வைத்தால் கணக்கு இது: பச்சரிசி 4 கிலோ, பாசிப்பருப்பு 1 கிலோ, வெல்லம் 6 கிலோ, பாலும் தண்ணீருமாக 24 லிட்டர், நெய் 1 கிலோ, முந்திரி, திராட்சை கால் கிலோ வீதம், ஏலக்காய் 30 கிராம். 50 லிட்டர் அண்டா வேண்டும். 35 லிட்டரில் செய்தால் கிளறும்போது தெறிக்கும். பருப்பை வாசம் வர வறுத்து, அரிசியோடு குழைய வேகவிடுங்கள். அரிசி விரலில் மசிந்த பிறகுதான் வெல்லம். முந்திப் போட்டால் அரிசி அதற்கு மேல் வேகவே வேகாது. எவ்வளவு எரித்தாலும் பல்லில் நறநறக்கும். வெல்லத்தை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து வடிகட்டுங்கள், அடியில் தங்கும் மண்ணைப் பார்த்தால் ஏன் என்று தெரியும். இறக்கும்போது கரண்டியிலிருந்து வழிய வேண்டும். இறக்கும்போதே கெட்டியாக இருந்தால் பரிமாறும் நேரத்தில் வெட்டித்தான் எடுக்க வேண்டும். சர்க்கரை நோயாளிகள் நம் தெருவில் குறைவா என்ன. நாற்பது பேருக்கு வெண்பொங்கலும் கொத்சும் தனியே வைத்தால் மாமாக்கள் வாழ்த்துவார்கள்.

ஒரு லிட்டர் தயிருக்கு நான்கு லிட்டர் தண்ணீர் விட்டால் முப்பது டம்ளர் மோர். பேப்பர் கப்பில் ஊற்றாதீர்கள்: 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடையான 14 வகைப் பிளாஸ்டிக்கில் உட்பூச்சுப் போட்ட பேப்பர் கப்பும், மேசையில் விரிக்கும் பிளாஸ்டிக் தாளும் சேர்த்தி. பாத்திரக் கடையில் எவர்சில்வர் டம்ளர் வாடகைக்குக் கிடைக்கும். எண்ணி வாங்கி எண்ணிக் கொடுங்கள். காணாமல் போவதெல்லாம் கரண்டிதான்.

கோலப் போட்டிக்கு ஆளுக்கு ஐந்தடிக்கு ஐந்தடி, சாக்பீஸால் முதல் நாள் இரவே கட்டம் போட்டு எண் எழுதிவிடுங்கள். எந்தக் கட்டம் யாருக்கு என்பது காலையில் சீட்டுக் குலுக்கி. நடுவர் வேறு தெருக்காரர். நம் தெரு நடுவரால் பிரிந்த சம்பந்தங்கள் உண்டு. கயிறு இழுக்கும் போட்டியில் நைலான் கயிறு கையை அறுக்கும், பருத்திக் கயிறு பாருங்கள். கையில் சுற்றிக்கொண்டு இழுக்கக் கூடாது என்று விசில் ஊதும் முன் சொல்லுங்கள், விரல் முறிவதே அதனால்தான். உறியடிக்குக் கண் கட்டியவரைச் சுற்றி இருபதடிக்குள் யாரும் நிற்காதபடி கயிறு கட்டுங்கள். உடைந்த ஓட்டைப் பெருக்கிய பிறகே அடுத்தவர்.

கணக்கு

வசூல் சங்கத்தின் வங்கிக் கணக்குக்கே வரட்டும், பொருளாளரின் சொந்த யூபிஐ எண்ணுக்கு வேண்டாம். அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், அல்லது நேர்மையானவராக இருப்பதால்தான். ரொக்கம் கொடுப்பவருக்கு அங்கேயே எண் போட்ட ரசீது. விழா நிதியைச் சந்தாவோடு கலக்காமல் தனித் தலைப்பில் எழுதுங்கள். பூக்காரம்மாவிடமும் தள்ளுவண்டிக் கரும்புக்காரரிடமும் பில் கிடைக்காது. வெள்ளைத் தாளில் பொருள், அளவு, தொகை எழுதி வாங்கியவரும் உடனிருந்த இன்னொருவரும் கையெழுத்திட்டால் வவுச்சர் ஆகிவிடும். ஆடிட்டர் கேட்பதும் அதைத்தான்.

விழா முடிந்த ஏழாம் நாள் வரவு செலவு முழுவதும் அறிவிப்புக் குழுவிலும் பலகையிலும் வர வேண்டும். மிஞ்சியது எவ்வளவு, எங்கே இருக்கிறது என்ற வரியோடு. அண்டா, ஜமுக்காளம், கயிறு யார் வீட்டில் இருக்கிறது என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். அடுத்த மார்கழியில் ஜமுக்காளத்தைத் தேடி மூன்று தெரு அலைய வேண்டியிருக்காது.